999-க்கு அழைத்தால் சரியாகச் சொல்ல வேண்டியது இடம்

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. மலேசியாவின் பினாங்கில் பிடித்த மழை இரவு முழுவதும் விடவில்லை. மரங்கள் வேரோடு சாய்ந்தன, வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது, 7 பேர் மாண்டனர். அன்றைய முதலமைச்சர் லிம் குவான் எங் பின்னிரவில் ராணுவ உதவி கேட்க வேண்டிய நிலை வந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் அழைப்புகளுக்காக அமைக்கப்பட்ட எந்த அவசர சேவையும், ஊரே சேர்ந்து அழைக்கும் இரவில் திணறத்தான் செய்யும்.

மற்ற நாள்களில் அழைப்புகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எந்தப் பெருநகரமானாலும் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு அழைப்புகள் குறையும். விடிந்ததும் ஏறத் தொடங்கும். மாரடைப்பு காலை நேரத்தில் அதிகம். மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் நெரிசலில் மோட்டார் சைக்கிள் விபத்துகள். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே.

ஊருக்கு ஊர் மாறும் அழைப்புகளும் உண்டு. தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் பிரசவத்துக்காகத்தான் மிகுதியாக ஓடுகிறது. பினாங்கில் பிரசவத்துக்குப் பெரும்பாலும் சொந்தக் காரிலேயே போய்விடுகிறார்கள். அதில் தவறில்லை. நெஞ்சுவலிக்காரரையும் அதே காரில் ஏற்றிச் செல்வதுதான் என்னைக் கலங்க வைக்கிறது. வழியில் இதயம் நின்றுவிட்டால் காரோட்டும் மகனால் என்ன செய்ய முடியும்? ஆம்புலன்ஸ் என்றால் சிகிச்சை வாசலிலேயே தொடங்கிவிடும்.

மலேசியாவில் முன்பு பொம்பா எனப்படும் தீயணைப்புப் படைக்கு 994, பொதுத் தற்காப்புப் படைக்கு 991 என்று தனித்தனி எண்கள் இருந்தன. 2007-இல் எல்லாம் 999-க்குள் வந்தன. அழைப்பை முதலில் எடுப்பவர் போலீஸா, பொம்பாவா, ஆம்புலன்ஸா என்று கேட்டு உரிய பிரிவுக்கு மாற்றுவார். விளையாட்டுக்கு அழைப்பவர்களும் அதே ஆளின் நேரத்தைத்தான் தின்கிறார்கள். 1998-ஆம் ஆண்டின் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டம் 233-ஆம் பிரிவின்படி அது குற்றம்.

அடுத்த கேள்வி, "எங்கே இருக்கிறீர்கள்?" இங்கேதான் நிமிடங்கள் கரைகின்றன. கைப்பேசி காட்டும் இடம் எப்போதும் துல்லியமாக இருக்காது. "மாமாக் கடைக்குப் பின்னால்" என்றால் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் அப்படி எத்தனை உணவுக் கடைகள்! தெருப் பெயர், வீட்டு எண், அருகிலுள்ள கோயிலோ பள்ளியோ சொல்லுங்கள். சூலியா தெரு பக்கத்துச் சந்துகளில் ஆம்புலன்ஸ் நுழையுமா, வெளியே நிற்க வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெருஞ்சாலையில் என்றால் எந்தத் திசையில் போகிறீர்கள் என்பது முக்கியம். பினாங்குப் பாலத்தில் தவறான பக்கம் ஏறிய வண்டி 13.5 கிலோமீட்டரையும் கடந்துதான் திரும்ப முடியும்.

அடுக்குமாடிகளில் இன்னொரு சிக்கல். ஆம்புலன்ஸ் கீழே வந்து நின்ற பிறகும் பதினைந்தாம் மாடிக்குத் தூக்குப்படுக்கை ஏற வேண்டும். வீட்டில் ஒருவர் நோயாளி பக்கத்தில் இருக்க, இன்னொருவர் கீழே இறங்கிக் காவலாளியிடம் சொல்லிக் கதவைத் திறந்துவைத்து, லிஃப்டையும் பிடித்துவைத்தால், அந்த நிமிடங்கள் நோயாளிக்குக் கிடைக்கும்.