அரைச்சா பாலம்... உடைச்சா விரிசல்!

காம்பவுண்டு சுவர் மேல உடைஞ்ச பாட்டில் சில்லை வரிசையா பதிச்சு வெச்சிருப்பாங்களே, பார்த்திருக்கீங்களா? சின்ன வயசுல மாங்கா பறிக்க ஏறி, உள்ளங்கையைக் கிழிச்சுக்கிட்ட மகானுபாவர்கள் மறந்திருக்க மாட்டாங்க. சிமென்ட்டையும் கண்ணாடியையும் சேர்த்து வைக்கிற வேலையை நம்ம ஊர் கொத்தனார்கள் எப்பவோ ஆரம்பிச்சுட்டாங்க. இன்னிக்கு அதே ஜோடியைத்தான் சிவில் டிபார்ட்மென்ட் மக்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா செய்துட்டிருக்காங்க. 'மணலுக்குப் பதில் கண்ணாடிக் கழிவு'ன்னு தங்க எழுத்துல அச்சடிச்ச கறுப்பு பைண்டிங், பல காலேஜ் லைப்ரரிகளில் தூங்கிக்கிட்டிருக்கு.

தலைப்பு பழசாகியிருக்கலாம். தேவை பழசாகலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மகாராஜபுரம் வழியா தாணிப்பாறை போற ரோட்டையே எடுத்துக்குங்க. சதுரகிரி ஏறுறவங்களுக்கு மனப்பாடமான ரூட். இந்தப் பக்கம் வயலும் தோப்பும், எதிர்ல மேற்குத் தொடர்ச்சி மலை. அந்த மலைக்காடு 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமும் ஆனது. இப்படி ஒரு இடத்துல யாரோ குடிச்சுட்டு வீசுற பாட்டில், வரப்புல வெறுங்காலோட நடக்கிற விவசாயிக்கும் ஆபத்து, காட்டுல நடக்கிற யானைக்கும் ஆபத்து.

நீலகிரியில இதே பிரச்னை கோர்ட் வரைக்கும் போச்சு. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாசம் அங்கே ஒரு திட்டம் வந்தது. டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலா வாங்கிக்குவாங்க. காலி பாட்டிலைக் கொண்டுவந்தா திருப்பிக் கொடுத்துடுவாங்க. அடுத்தடுத்த வருஷங்களில் வேறு மாவட்டங்களுக்கும் அது பரவியது.

முழு பாட்டில் திரும்பி வந்தா பிரச்னையே இல்லை. கழுவி மறுபடியும் நிரப்பலாம். நம்ம கோலி சோடா பாட்டில் அப்படித்தானே தலைமுறை தலைமுறையா சுத்தி வந்துச்சு! ஆனா, உடைஞ்ச பாட்டில்? கலர் கலரா கலந்து, மண்ணும் லேபிளும் ஒட்டின சில்லுகளை உருக்கி நல்ல கண்ணாடி செய்றது சிரமம். அந்த மிச்சத்தைத்தான் கான்கிரீட் தலையில் கட்டப் பார்க்கிறோம். கான்கிரீட் அதை ஏத்துக்குமா?

28 நாள் ஹீரோ

இங்கேதான் மேட்டரே இருக்கு பாஸ். கண்ணாடியில் 70 சதவிகிதத்துக்கு மேல் சிலிக்கா. மணல்லயும் சிலிக்காதான். அதனால மணலுக்குப் பதில் சில்லைப் போட்டா போச்சுன்னு தோணும். ஆனா, மணல்ல சிலிக்கா கட்டுக்கோப்பா, படிகமா உட்கார்ந்திருக்கு. கண்ணாடியில் அது ஒழுங்கில்லாம கலைஞ்சு கிடக்கு. சிமென்ட்ல இருக்கிற காரம் அந்த மாதிரி சிலிக்காவைச் சும்மா விடாது. ரெண்டும் வினைபுரிஞ்சு ஒரு கூழ் உண்டாகும். அந்தக் கூழ் தண்ணியை உறிஞ்சி வீங்கும். வீங்க இடம் எங்கே இருக்கு? கான்கிரீட்டைத்தான் பிளக்கணும்!

இதுக்குப் பேர் ஆல்கலி - சிலிக்கா வினை. கலிஃபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் இருந்த தாமஸ் ஸ்டான்டன் 1940-ல் இதைக் கண்டுபிடிச்சு சொன்னார். அதில் மாட்டினது கண்ணாடி இல்லை. சாதாரண ஜல்லி, மணல்லயே சில வகைகள் இப்படிச் சேட்டை பண்ணும். ஒடிசாவின் ஹிராகுட் அணை விரிசல்களிலும் இதே வினையின் தடயம் பதிவாகியிருக்கு.

இதுல கொடுமை என்னன்னா, இந்த வீக்கம் வருஷக்கணக்கா நிதானமா நடக்கும். நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல என்ன இருக்கும்? கியூப் போட்டோம், 7-ம் நாள் உடைச்சோம், 28-ம் நாள் உடைச்சோம், 'வலிமை கூடியிருக்கு சார்', வைவா முடிஞ்சது, டிரீட். 28-ம் நாள் ஹீரோவா நிக்கிற கியூப், பத்து மழைக்காலம் பார்த்த பிறகு எப்படி நிக்கும்னு யாரும் கேட்கிறதில்லை. அந்த ரிப்போர்ட்டை நம்பி யாராவது ஒரு பள்ளிக்கூடத்துக்கு காலம் எழுப்பினா? கண்ணாடி ப்ராஜெக்ட்டுகளில் முக்கால்வாசி தப்பான கேள்விக்குச் சரியான பதில் எழுதுதுங்கிறது என் கருத்து. சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

மாவா அரைச்சா மாயம்

அதே கண்ணாடியை மைதா மாவு மாதிரி அரைச்சுட்டா கதை தலைகீழ்! 75 மைக்ரானுக்குக் கீழே போயிட்டா, வீங்குறதுக்குப் பதிலா அது சிமென்ட்டோட சேர்ந்து வேலை பார்க்க ஆரம்பிக்குது. சிமென்ட் தண்ணியோட வினைபுரியும்போது சுண்ணாம்பு மிச்சமாகும். நுண்ணிய சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைப் பிடிச்சு, புதுசா பிணைப்புப் பசையா மாத்திடும். வில்லன் அதே ஆள்தான், சைஸ் குறைஞ்சதும் ஹீரோவுக்கு ஃப்ரெண்டாயிட்டார்.

இது ஒண்ணும் புது டெக்னிக் இல்லை. நம்ம தாத்தா காலத்தில் செங்கல் தூளைச் சுண்ணாம்போட கலந்து 'சுர்க்கி' போட்டாங்களே, அதே சூத்திரம்தான். அனல் மின் நிலையச் சாம்பலைக் கலந்த பி.பி.சி. சிமென்ட்டும் அதே சூத்திரம்தான். அதில் 35 சதவிகிதம் வரை சாம்பல் சேர்க்க இந்தியத் தர விதி அனுமதிக்குது. ராம்கோ சிமென்ட் பிறந்த ராஜபாளையத்துப் பசங்களுக்கு இதெல்லாம் சொல்லணுமா என்ன!

கண்ணாடித் தூளை உலகத்துக்கே காட்டினவங்க கனடாவின் கியூபெக் மாகாணத்துக்காரங்க. அங்கேயும் மது விற்பனையில் அரசு நிறுவனம்தான் ராஜா. எஸ்.ஏ.க்யூ.ன்னு பேர். அதாவது அவங்க ஊர் டாஸ்மாக்! விக்கிற பாட்டிலெல்லாம் குப்பைக்குப் போகுதேன்னு, 2004-ல் ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் கண்ணாடித் தூள் ஆராய்ச்சிக்கே தனியா ஒரு இருக்கை அமைக்க அந்த நிறுவனம் பணம் கொடுத்தது. அதோட பலன், மான்ட்ரியலில் 2021-ல் கட்டி முடிச்ச டார்வின் பாலங்கள். சிமென்ட்டில் 10 சதவிகிதத்துக்குப் பதிலா கண்ணாடித் தூள். சுமார் 70 ஆயிரம் ஒயின் பாட்டில்கள் அந்தப் பாலங்களுக்குள்ளே இருக்கு. 2020-ல் அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு, அரைச்ச கண்ணாடிக்குன்னே சி1866 என்ற தர விதியையும் வெளியிட்டது. சரக்கு வித்த காசில் ஒரு ஆராய்ச்சி இருக்கை... இங்கேயும் யாராவது கேட்டுப் பார்க்கலாமே?

அரைக்கிறதுக்குக் கரன்ட் செலவாகும் என்பதையும் மறக்கக் கூடாது. மகாராஜபுரத்துல பொறுக்கின சில்லைத் தூரத்து மில்லுக்கு லாரியில ஏத்தி அனுப்பினா கணக்கு உதைக்கும். சேகரிக்கிற இடம், அரைக்கிற இடம், சிமென்ட் தேவைப்படுற இடம் மூணும் பக்கத்துல இருக்கணும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறதே ஒரு நல்ல ப்ராஜெக்ட். மெக்கானிக்கல் ஃப்ரெண்டையும் சேர்த்துக்கலாம்.

சரி, இந்த வருஷம் கண்ணாடியில்தான் ப்ராஜெக்ட்னு கைடு சொல்லிட்டாரா? கியூப் உடைக்கிறதோட நிறுத்தாதீங்க. ஏ.எஸ்.டி.எம். சி1260-ன்னு ஒரு டெஸ்ட் இருக்கு. வருஷக்கணக்கா நடக்கிற வீக்கத்தை அவசரமா நடத்திப் பார்க்கிற வழி. 25 மில்லிமீட்டர் கனத்தில், 285 மில்லிமீட்டர் நீளத்தில் சாந்துக் கட்டை வார்த்து, 80 டிகிரி சூட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 14 நாள் ஊறப்போடணும். நீளம் 0.10 சதவிகிதத்துக்குக் குறைவா கூடியிருந்தா பயமில்லை. 0.20-ஐத் தாண்டினா ஆபத்து. நடுவுல நின்னா இன்னும் ஆராயணும். வார்த்த நாளிலிருந்து 16 நாளில் ரிசல்ட். செமஸ்டர் முடியுறதுக்குள்ள தாராளமா நாலு ரவுண்டு போயிடலாம். கிளவுஸ், கண்ணாடி போட்டுக்குங்க... சூடான காரம் விளையாட்டில்லை.

இன்னொண்ணு. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் மேயர் குழு செஞ்ச சோதனைகளில், வெள்ளைக் கண்ணாடி ஒரு மில்லிமீட்டரைச் சுத்தின சைஸில்தான் அதிகமா வீங்குச்சு. பச்சைக் கண்ணாடி பெரிசா வீங்கலை. அதனால பொறுக்கிற பாட்டிலை எல்லாம் ஒரே சாக்குல கொட்டாதீங்க. வெள்ளை, பச்சை, பிரவுன்... மூணு சாக்கு!