சும்மா இருக்கத் தெரிந்த சில்லு

கோவை காந்திபுரத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ். அதன் பின்னறையில் 2016லிருந்து எட்டு வருஷம் ஒரு சர்வர் ஓடியது. செகண்ட் ஹேண்டில் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தவன் நான்தான். ஆபீஸைக் கூட்டிப் பெருக்கும் அக்கா, மழைக்காலத்தில் நனைந்த குடையை விரித்து அதன் முதுகுப்பக்கம் வைத்துவிடுவார். பதினொரு மணி டீ வருவதற்குள் குடை காய்ந்திருக்கும். அங்கிருந்து வரும் காற்று அப்படி. சத்தத்துக்கும் குறைவில்லை. பின்னறைக் கதவு திறந்திருந்தால் முன்னறையில் போன் பேச முடியாது.

இப்போது அந்த வேலையை ஒரு மினி பிசி பார்க்கிறது. டிபன் கேரியரின் ஓர் அடுக்கை விடச் சின்னது. மானிட்டரின் பின்னால் இரண்டு ஸ்குரூவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போன ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தபோது, கெட்டுப்போன மோடம் என்று நினைத்து பழைய சாமான் மூட்டையோடு அக்கா அதையும் போட்டுவிட்டார். வாசல் வரை போய் மீட்டு வந்தோம். பழைய சர்வருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்க நெற்றி மாதிரி அகலமான ஒரு முகப்பு இருந்தது. இதற்குப் பொட்டு வைத்தால் பவர் பட்டன் மறைந்துவிடும்.

பழையதற்குள் இருந்தவை இன்டெல் ஜியான் இ5-2670 பிராசஸர்கள், இரண்டு. புதியதற்குள் இருப்பது இன்டெல் என்100, ஒன்றே ஒன்று. நடுவில் பதினோரு வருஷம்.

இ5-2670 சந்தைக்கு வந்தது 2012 மார்ச்சில். எட்டு கோர், பதினாறு த்ரெட், 2.6 கிகாஹெர்ட்ஸ், 20 எம்பி கேஷ், வெப்பக் கணக்கு 115 வாட். சில்லு ஒன்றின் பட்டியல் விலை 1,552 டாலர். அன்றைய மாற்று விலையில் எழுபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். அது வெளியான வருஷம் கோவையில் எப்படி இருந்தது என்பது இங்கே பட்டறை வைத்திருப்பவர்களுக்கு மறக்காது. ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. லேத் ஓட்டுபவர்கள் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் எழுந்துபோய் வேலை பார்த்த காலம். அந்தச் சில்லைச் செய்தவர்கள் மனதில் நாங்கள் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆயிரக்கணக்கில் வாங்கி, குளிரூட்டிய கூடங்களில் அடுக்கி, ஒரு நிமிஷம்கூட ஓயவிடாமல் வாடகைக்கு விடும் டேட்டா சென்டர்காரர்கள்தான் இருந்தார்கள்.

அப்படிப்பட்ட சில்லு எங்களிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம், அந்தப் பெரிய ஆட்கள் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பழையதைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குவதுதான். 2016 வாக்கில் இ5-2670 உலகம் முழுக்கக் குவியலாகக் கழிக்கப்பட்டது. 1,552 டாலர் சில்லு நூறு டாலருக்குள் கிடைத்தது. சென்னை ரிச்சி தெருவில் மாடிப்படி ஏறிப் போனால், பெட்டியோடு முழு சர்வராகவே அடுக்கிவைத்திருந்தார்கள். நான் பார்த்த பெட்டியில் இரண்டு பிராசஸர், 128 ஜிபி ராம், இரண்டு பவர் சப்ளை. கடைக்காரர் ஆன் செய்து காட்டினார். ஃபேன்கள் முழு வேகத்தில் கிளம்ப, மேஜையில் இருந்த பில் புத்தகத்தின் தாள்கள் படபடவென்று புரண்டன. எனக்கு ஆசை தாங்கவில்லை. ஆடிட்டரிடம் போன் போட்டு, "சார், அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லீங்க" என்றேன். பொய் சொல்லவில்லை. ஒரு கணக்கை மட்டும் விட்டுவிட்டேன்.

விட்டுப்போன கணக்கைக் கண்டுபிடித்தது ஆடிட்டர்தான். கணக்குப் பார்ப்பதுதானே அவர் பிழைப்பு. "தம்பி, ரெண்டு பில்லாப் பாத்துட்டேன். இந்த மெஷின் வந்ததிலிருந்து யூனிட் ஏறிருச்சுங்களே. ஏசிய நான் ஒண்ணும் ஜாஸ்தியாப் போடலீங்க" என்றார். ப்ளக்கில் செருகிப் பார்க்கும் வாட் மீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸில் ஆள் இல்லை, சர்வரில் ஒரு வேலையும் ஓடவில்லை. மீட்டர் 140 வாட் காட்டியது.

140 வாட் என்றால் நாளைக்கு 3.36 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 200 யூனிட்டைத் தாண்டும். கடை, ஆபீஸ் இணைப்புக்கு வீட்டைப் போல இலவச யூனிட் கிடையாது. யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்தால் பில்லுக்கு இரண்டாயிரம், வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம். அந்தச் சூட்டை வெளியே தள்ளும் ஏசி செலவு தனி. இத்தனையும் எதற்கு? ஆறு பேர் தங்கள் மேஜையிலிருந்து அதற்குள் நுழைந்து டேலி மென்பொருளில் கணக்குப் பார்ப்பார்கள். ஸ்கேன் செய்த கோப்புகள் அதில் கிடக்கும். ராத்திரி பேக்கப் ஓடும். ஜூலைக் கடைசியும் செப்டம்பர் கடைசியும் தவிர, அது உருப்படியாக உழைத்த நேரத்தை எல்லாம் கூட்டினால் நாளைக்கு ஒரு மணி நேரம் தேறாது. மீதி இருபத்து மூன்று மணி நேரமும் சும்மா இருந்தது. சும்மா இருப்பதற்குத்தான் வருஷம் பன்னிரண்டாயிரம்.

இதில் சில்லை மட்டும் குற்றம் சொன்னால் அநியாயம். 115 வாட் என்று அட்டையில் போட்டிருப்பது முழு பாரத்தில் எவ்வளவு சூட்டை வெளியேற்ற வேண்டும் என்ற கணக்கு. வேலை இல்லாதபோது அந்தச் சில்லும் தன் கோர்களை உறங்க வைக்கும். சுற்றியிருக்கும் குடும்பம்தான் உறங்காது. பதினாறு ராம் குச்சிகள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் குடிக்கும். நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்குகள், அவற்றை மேய்க்க ஒரு ரெய்டு கார்டு, தொலைவிலிருந்து நிர்வகிக்கத் தனியாக ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், எந்நேரமும் சுழலும் ஆறு ஃபேன்கள், குறைந்த பாரத்தில் கரண்டை வீணடிக்கும் இரண்டு பவர் சப்ளைகள். மண்டபத்தில் பந்தி இல்லாவிட்டாலும் எல்லா லைட்டும் எரிகிற கதை. தினமும் பந்தி நடக்கும் மண்டபத்தில் யார் சுவிட்சைத் தேடப்போகிறார்கள்?

ஆனாலும் சில்லுக்குள்ளும் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. இ5-2670, 32 நானோமீட்டர் முறையில் செய்தது. இன்டெல்லில் தட்டையான டிரான்சிஸ்டர்களின் கடைசித் தலைமுறை அதுதான். டிரான்சிஸ்டர் என்பது ஒரு குழாய் மாதிரி. மூடு என்றால் ஓட்டம் நிற்க வேண்டும். தட்டையான டிரான்சிஸ்டரில் கேட் மேலிருந்து மட்டும் அழுத்தும். தோட்டத்து ரப்பர் ஹோஸைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், ஓரத்தில் தண்ணீர் கசியும். அந்தக் கசிவு, வேலை இல்லாதபோதும் போய்க்கொண்டே இருக்கும். 2012 ஏப்ரலில் வந்த 22 நானோமீட்டர் சில்லுகளிலிருந்து இன்டெல் டிரான்சிஸ்டரைச் செங்குத்தாக நிறுத்தி, கேட்டை மூன்று பக்கமும் சுற்றியது. ஹோஸைக் கையால் இறுக்கிப் பிடிப்பது போல. கசிவு குறைந்தது, குறைந்த வோல்டேஜிலும் ஓட முடிந்தது. வோல்டேஜ் குறைவது சின்ன லாபம் இல்லை. சில்லு குடிக்கும் கரண்ட், வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். வோல்டேஜைப் பாதியாக்கினால் செலவு காலாகும்.

என்100 வந்தது 2023 தொடக்கத்தில். அதன் பூர்வீகம் சர்வர் பக்கம் இல்லை. 2008இல் குட்டி நெட்புக்குகளுக்காக வந்த ஆட்டம் என்ற சில்லின் பரம்பரை அது. ஆட்டம் என்றாலே, ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் தொழிலில் முகம் சுளிப்போம். பிரவுசர் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் பேட்டரியில் பிழைக்க வேண்டிய வீட்டில் பிறந்ததால், அந்தப் பரம்பரை சிக்கனத்தைத் தாய்ப்பாலோடு கற்றது. வேலை வந்தால் சட்டென்று எழுந்து முடித்துவிட்டு உடனே படுத்துக்கொள்ளும் பழக்கம். பதினைந்து வருஷத்தில் வேகமும் ஏறிவிட்டது. என்100இல் இருக்கும் நான்கு கோர்களும் கிரேஸ்மான்ட் வகை. 2021இல் அதை அறிமுகப்படுத்தியபோது, 2015இன் ஸ்கைலேக் கோரோடு ஒப்பிட்டு, அதே கரண்டில் 40 சதவீதம் கூடுதல் வேலை செய்யும் என்று இன்டெல் சொன்னது. அந்த ஸ்கைலேக்கே, எங்கள் இ5-2670இல் இருந்த கோருக்குச் சில தலைமுறை இளையது.

வேகத்தை ஒப்பிட உட்கார்ந்தால் ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு வராது. ஒரு கோரை மட்டும் ஓடவிட்டால், வெப்பக் கணக்கில் வெறும் 6 வாட் உள்ள என்100, 115 வாட் சில்லை ஜெயிக்கிறது. பழைய சர்வரில் பெரிய கம்பெனி ஒன்றின் வருஷ லெட்ஜரைத் திறக்கும்போது டாஸ்க் மேனேஜரைப் பார்ப்பேன். ஒரு கோர் மட்டும் உச்சிக்கு ஏறும், மற்ற பதினைந்தும் வேடிக்கை பார்க்கும். இந்த மாதிரி வேலைதான் ஆபீஸில் பெரும்பாலும். அதனால் பெட்டி மாறிய மறுநாள் அங்கிருந்தவர்கள் "வேகமாயிருச்சே" என்றார்கள். நான்கு கோர் எப்படி இரண்டு சில்லின் பதினாறு கோரை விட வேகம் என்று நான் விளக்கப் போகவில்லை. எல்லாக் கோரையும் ஒரே நேரத்தில் கசக்கிப் பிழிந்தால் கதை மாறும். அங்கே பழைய சில்லு ஒன்றே என்100ஐ முந்தும். இரண்டு சேர்ந்தால் போட்டியே இல்லை. வீடியோ என்றால் மறுபடி தலைகீழ். என்100க்குள் கிராபிக்ஸ் இருக்கிறது, 4கே படத்தைப் பிரிப்பதற்கென்றே தனிச் சுற்று இருக்கிறது. பழைய ஜியானுக்குள் கிராபிக்ஸே கிடையாது; கோரை வைத்தே மல்லுக்கட்ட வேண்டும்.

6 வாட் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். பெட்டி செய்பவர்கள் வரம்பைத் தளர்த்தி விடுகிறார்கள். முழு பாரத்தில் எங்கள் பெட்டி சுவரிலிருந்து 20 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஆனால் சும்மா இருக்கும்போது அதே மீட்டர் 8 வாட் காட்டுகிறது. இரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு யூனிட்கூட இல்லை, நூற்றிச் சொச்சம் ரூபாய். ஆடிட்டர் பில்லைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இது ஓடுதா?" என்றார்.

இந்த வெற்றியை நான் முழுசாகக் கொண்டாடவில்லை. ஒப்பீட்டுப் பட்டியல்களில் வராத சிலவற்றை இழந்திருக்கிறோம். பழைய சில்லு ஒன்றுக்கு ராம் பாதை நான்கு, நொடிக்கு 51.2 ஜிபி போய்வரும். என்100க்கு ஒற்றைப் பாதை. டிடிஆர்5 போட்டாலும் 38.4 ஜிபிதான். பழையதில் 128 ஜிபி. புதியதற்கு இன்டெல் கணக்குப்படி உச்சவரம்பு 16. பழைய ராமில் ஒரு பிட் தவறினால் தானே திருத்திக்கொள்ளும் இசிசி இருந்தது. இந்தச் சின்னப் பெட்டியில் அது இல்லை. கார்டுகள் செருக ஜியானில் நாற்பது பிசிஐ லேன், இதில் ஒன்பது. நான் உண்மையில் ஏங்குவது அந்த இரட்டைப் பவர் சப்ளைக்கு. ஒரு மே மாதம் மதியம் இரண்டில் ஒன்று செத்துப்போனது. டேலியில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. ஆரஞ்சு லைட் எரிவதைச் சாயங்காலம்தான் பார்த்தேன். மாற்றுவது பற்றிப் பேச்சு ஆரம்பித்ததே அன்றைக்குத்தான். புதியதில் அடாப்டர் போனால் ஆபீஸ் நின்றுவிடும். அதனால் மேஜை டிராயரில் இன்னொரு அடாப்டர் வாங்கி வைத்திருக்கிறேன். மிச்சமாகும் கரண்ட் பணத்தில் அதையும், வெளியூரில் இரண்டாவது பேக்கப்பையும் சேர்க்கச் சொல்லி வற்புறுத்தினேன். ஆடிட்டர் ஒப்புக்கொண்டார், கொஞ்சம் முனகலோடு.

பழையதை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற ஓட்டைகள் வெளியே தெரிந்தன. மெல்ட்டவுன், பழைய இன்டெல் சில்லுகளின் அமைப்பிலேயே இருந்த ஓட்டை. மென்பொருளில் ஒட்டுப்போட்டார்கள், அந்த ஒட்டு வேகத்தையும் கொஞ்சம் தின்றது. பிறர் வரிக்கணக்கு கிடக்கும் பெட்டியில் ஒட்டுப்போட்ட பானையை எத்தனை நாள் வைத்திருப்பது?

கழித்த சர்வரை எடைக்குப் போட மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சும்மா இருக்கத் தெரியாதவனை வேலை இருக்கும்போது மட்டும் கூப்பிடுவது என்று ஏற்பாடு. மாதத்தில் ஒரு ஞாயிறு ஆன் செய்வேன். நான் பார்த்துக்கொள்ளும் ஆபீஸ்களின் பேக்கப்புகளை எல்லாம் அதில் ஒரே நேரத்தில் மெய்நிகர் கம்ப்யூட்டர்களாக எழுப்பி, உள்ளே டேலி திறக்கிறதா என்று பார்ப்பேன். அந்த 128 ஜிபியும் பதினாறு கோரும் நிமிர்ந்து நிற்கும் நாள் அது. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். என்100இல் செய்தால் ஒவ்வொன்றாக, இரண்டு நாள் ஆகும்.

சிக்கல் ஒன்றுதான். சர்வர் இருப்பது சமையலறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில், அங்கே இருப்பது ஒரே ப்ளக் பாயின்ட். ஞாயிறுதான் அம்மா இட்லி மாவு அரைக்கும் நாளும். காலையிலேயே ஊறவைத்த உளுந்தோடு வாசலில் நின்று, "டேய், இன்னிக்கு கிரைண்டரா, உன் மெஷினா?" என்று கேட்பார். பெரும்பாலும் கிரைண்டர்தான் முதலில்.