பாறையைப் பிளந்து வாழும் கல் இச்சி

செம்பனை மரத்தின் தண்டை உற்றுப் பாருங்கள். வெட்டிய மட்டைகளின் அடிப்பகுதி ஒட்டிக்கொண்டிருக்கும் இடுக்குகளில் பெரணிச் செடிகள் மண்டியிருக்கும். சில மரங்களில் அவற்றின் நடுவே ஆலங்கன்று போன்ற ஒரு செடியும் முளைத்து நிற்கும். லிங்கி வட்டாரத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இது பழகிய காட்சி. விட்டுவைத்தால் வேர் கீழே இறங்கிச் செம்பனையையே நெருக்கிவிடும் என்பதால் அதை வெட்டி எறிந்துவிடுவார்கள். பழைய லயத்துச் சுவரிலும் கோயில் கோபுரத்திலும் முளைப்பவை இதே குடும்பத்துச் செடிகள்தாம். மலாய்க்காரர்கள் இவற்றை 'ஆரா' என்பார்கள். தமிழில் ஆல், அரசு, அத்தி, இச்சி என்று பல பெயர்கள் உண்டு.

மண்ணே இல்லாத இடத்தில் இச்செடி எப்படி உயிர் வாழ்கிறது? இதற்கு விடை தேட, இந்தக் குடும்பத்திலேயே மிகக் கடினமான இடத்தில் வாழும் ஒரு மரத்தைப் பார்க்க வேண்டும். நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்த சேலம், திருச்சி, ஆற்காடு, மதுரைப் பக்கங்களில் சமவெளியின் நடுவே மொட்டைக் கருங்கல் குன்றுகள் நிற்கும். ஆண்டில் பல மாதங்கள் அங்கு மழை இராது. கோடையில் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. அத்தகைய பாறை வெடிப்புகளில் வளர்வதுதான் கல் இச்சி.

வேரின் வேலை

கல் இச்சியைச் சில ஊர்களில் கல்லத்தி என்றும் அழைப்பார்கள். அறிவியல் பெயர் பைகஸ் மோலிஸ். 'மோலிஸ்' என்றால் இலத்தீனில் மென்மையானது என்று பொருள். இலையின் அடிப்பக்கம் பஞ்சு போன்ற மென்மயிரால் மூடியிருப்பதால் இந்தப் பெயர். அந்த மென்மயிர்ப் போர்வை காற்றையும் வெப்பத்தையும் தடுத்து, இலையிலிருந்து நீர் வெளியேறுவதைக் குறைக்கிறது.

பழம் தின்ற பறவையின் எச்சத்தோடு விதை பாறை வெடிப்பில் விழுகிறது. விதை மிகச் சிறியது. வெடிப்பில் தங்கிய கொஞ்சம் தூசியும் மட்கிய இலையும் முளைவிடப் போதும். மேலே இரண்டு இலை தெரியும்போதே வேர் உள்ளே ஈரத்தைத் தேடிப் போய்க்கொண்டிருக்கும். மழைநீர் பாறையின் மேற்பரப்பில் வழிந்தோடினாலும் ஆழமான வெடிப்புகளுக்குள் கொஞ்சம் தங்கும். வெயில் எட்டாததால் அது எளிதில் வற்றாது. பாறையின் அந்தத் தண்ணீர்த் தொட்டியை எட்டிவிட்ட மரம் கோடையிலும் பச்சையாக நிற்கும்.

வேர் பருக்கும்போது வெடிப்பை மெல்ல மெல்ல அகலப்படுத்தும். அதில் மேலும் நீரும் மட்கும் சேரும். பாறையின் வெளிப்புறத்தில் இறங்கும் வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டி வலைபோல் படரும். குறுந்தொகையின் 106ஆம் பாடலில் கபிலர், பாறைமேல் இறங்கும் இற்றி மரத்தின் வெள்ளை வேரை மலையில் வழியும் அருவிக்கு ஒப்பிட்டிருக்கிறார். இற்றியும் அத்திக் குடும்பத்து மரமே.

இந்தக் குடும்பத்து வேர் எவ்வளவு ஆழம் போகும்? தென்னாப்பிரிக்காவின் எக்கோ குகைகளுக்கு அருகிலுள்ள ஒரு காட்டத்தியின் வேர் 120 மீட்டர் ஆழம் வரை சென்றிருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலுள்ள வறண்ட பாறைகளிலும் இப்படி ஓர் அத்தி உண்டு. அங்குள்ள பூர்வகுடி மக்கள் அதை 'இலி' என்று அழைத்து, பழத்தை உண்டு வந்திருக்கிறார்கள்.

தனிமரமும் ஒரு குளவியும்

பாறை உச்சியில் ஒற்றையாய் நிற்கும் மரம் எப்படிக் காய்க்கும்? அத்தியின் பூக்கள் வெளியே தெரியாது. நாம் பழம் என்று சொல்லும் உருண்டையின் உட்சுவரில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள பெண் குளவி, நுனியிலுள்ள சிறு துளை வழியாக நெருக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறது. அப்போது பெரும்பாலும் அதன் இறக்கை முறிந்துவிடும். கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சிலவற்றில் முட்டையிட்டு, அங்கேயே இறக்கிறது. அதன் பெண் குஞ்சுகள் வளர்ந்து, புதிய மகரந்தத்தோடு வெளியேறி, காய் பிடித்த வேறொரு மரத்தைத் தேடிப் பறக்கின்றன.

வெளியே வந்த குளவிக்கு வாழ்நாள் ஓரிரு நாள்தான். அதற்குள் அதே இனத்து வேறொரு மரத்தில் இளங்காய் இருக்க வேண்டும். அதனால் ஓர் இனத்தின் மரங்கள் எல்லாம் ஒரே மாதத்தில் காய்ப்பதில்லை. ஆளுக்கொரு காலத்தில் காய்க்கும். நமீபியாவின் பாலைவனத்தில் ஆற்றோரம் வளரும் அத்தி மரங்களை ஆராய்ந்தவர்கள், காற்றின் போக்கில் மிதந்து வந்த குளவிகள் 160 கிலோமீட்டர் தொலைவுக்கு மகரந்தத்தைச் சுமந்து வந்ததை 2009இல் வெளியிட்டார்கள். நம் கண்ணுக்கு ஒற்றையாய்த் தெரியும் மரத்துக்குத் தொலைதூரத்தில் சொந்தம் இருக்கிறது.

குளவிக்காக ஏற்பட்ட இந்த முறை மற்ற உயிர்களுக்கும் சோறு போடுகிறது. பிற மரங்களில் பழம் இல்லாத மாதத்திலும் ஏதாவது ஓர் அத்தி பழுத்திருக்கும். உலகில் 1,200க்கும் மேற்பட்ட பறவை, விலங்கினங்கள் அத்திப் பழம் தின்பதாகப் பதிவாகியுள்ளது. நம் நாட்டிலும் பகாங் மாநிலத்தின் கிராவ் வனவிலங்குக் காப்பகத்தில், குவாலா லொம்பாட் பகுதியில் நடந்த ஆய்வு, மற்ற பழங்கள் குறைந்த காலத்தில் பறவைகளைத் தாங்குவது அத்தி மரங்களே என்று காட்டியது. 1883இல் எரிமலை வெடித்து உயிரற்றுப்போன கிரக்கத்தாவ் தீவுகளுக்குப் பறவைகளும் வௌவால்களும் கொண்டுசேர்த்த மரங்களில் அத்தி முக்கியமானது. அதை நாடி மேலும் பறவைகள் வந்தன. அவை வேறு விதைகளையும் கொண்டுவந்தன. கருங்கல் குன்றில் கல் இச்சி செய்வதும் இதே வேலைதான்.

குன்று போனால்

கல்லுக்காகக் குன்றை உடைக்கும்போது, "மரம்தானே, வேறிடத்தில் நட்டுக்கொள்ளலாம்" என்று தோன்றும். சமவெளியில் நூறு கன்று நடலாம்தான். ஆனால் பாறைக்குள் நீர் தங்கிய வெடிப்பை யாராலும் நட முடியாது. பாறை விளிம்பில் கூடு கட்டும் வல்லூறுக்கும் சமவெளி மரம் வீடாகாது.

மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏழு குன்றுகளும் ஏறத்தாழ 250 பறவை இனங்களும் உள்ள அந்த இடத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. சுற்றுவட்டாரக் கிராம மக்கள் திரண்டு போராடினார்கள். 2025 சனவரியில் இந்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. குன்றும் அதன் சுனைகளும் தங்கள் ஏரிகளுக்கு நீர் தருகின்றன என்பதை அந்த விவசாயிகள் அறிந்திருந்தார்கள்.

லிங்கியில் கருங்கல் குன்று இல்லை. ஆனால் செம்பனைக்கு ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு வரும். அப்போது தோட்டத்து எல்லையிலும் ஆற்றோரத்திலும் நிற்கும் பெரிய ஆரா மரங்களும் சேர்ந்து விழுவதுண்டு. செம்பனைத் தண்டில் முளைத்த கன்றை வெட்டுவதில் தவறில்லை. கோபுரத்தில் முளைத்ததையும் சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஆனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஓரத்தில் நிற்கும் ஆராவை விட்டுவைக்கலாம். அடுத்த முறை அது பழுக்கும்போது, விடியற்காலையில் சற்று நேரம் அதனடியில் நின்று, எத்தனை வகைப் பறவைகள் வருகின்றன என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள்.