வரி தொடங்கும் முன் கொஞ்சம் இடம் விடுங்கள்!

2014, பிப்ரவரி மாதம். ஐபோன், ஐபேட் கருவிகளுக்கு ஆப்பிள் நிறுவனம் அவசர அவசரமாக ஓர் அப்டேட்டை வெளியிட்டது. காரணம், பாதுகாப்பு மென்பொருளில் தவறுதலாக இரண்டு முறை இடம்பெற்றுவிட்ட ‘கோட்டோ ஃபெயில்’ என்ற ஒரே ஒரு வரி.

முதல் வரி, ‘சோதனையில் பிழை வந்தால் மட்டும் வெளியேறு’ என்ற நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது வரி எதற்கும் கட்டுப்படாதது. ஆனால், இரண்டுமே ஒரே அளவு உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்தன. அதனால், பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே நிபந்தனைக்குள் அடங்கியவை போலவே தெரிந்தன. விளைவு? கடைசிச் சோதனை நடக்காமலேயே இணைப்பு ஏற்கப்பட்டது. பொது வைஃபையில் இருக்கும் ஒருவர், வங்கியின் இணையதளம்போல நடித்து ஏமாற்றும் அளவுக்குக் கதவு திறந்துகிடந்தது.

வரியின் முன்னால் விடும் சிறு இடத்தைக் கண் அவ்வளவு நம்புகிறது!

குறி போனது, இடம் நின்றது

நம் ஓலைச்சுவடிகளில் பத்தி கிடையாது. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. எங்கே பிரிப்பது என்பது படிப்பவர் பொறுப்பு.

ஐரோப்பாவின் கையெழுத்துப் பிரதிகளில், புதிய கருத்து தொடங்கும் இடத்தில் ¶ என்ற குறியைப் போட்டார்கள். எழுதுபவர் இடம் விட்டுச் செல்வார். பிறகு இன்னொருவர் சிவப்பு மையில் குறியை வரைவார். 15-ம் நூற்றாண்டில் அச்சு வந்ததும் புத்தகங்கள் குவிந்தன. எல்லாப் பிரதிகளிலும் கையால் வரைய முடியவில்லை. குறி வராமல், விட்ட இடம் மட்டும் வெறுமையாக நின்றது. படிப்பவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இன்று பத்தியின் முதல் வரியை உள்ளே தள்ளி எழுதும் வழக்கம் இப்படித்தான் நிலைத்தது.

இடைவெளியே இலக்கணம்

1991-ல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட பைத்தான் மொழியில், இந்த இடைவெளி வெறும் அழகுக்காக அல்ல, அதுதான் இலக்கணம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ கணினி அறிவியல் மாணவர்கள் படிப்பதும் இந்த மொழியைத்தான்.

ஓர் உதாரணம். ‘மதிப்பெண் 35-க்குக் குறைந்தால்’ என்று எழுதி, அதன்கீழ் ‘மறுதேர்வு’, ‘பெற்றோருக்குத் தகவல் அனுப்பு’ என்று இரண்டு வரிகளை உள்ளே தள்ளி எழுதினால், தேர்ச்சி பெறாதவர் வீட்டுக்கு மட்டும் தகவல் போகும். இரண்டாவது வரியை இடப்பக்க ஓரத்துக்கு இழுத்துவிட்டால்? 100 வாங்கிய மாணவியின் வீட்டுக்கும் தகவல் போய்விடும்! சொல் ஒன்றும் மாறவில்லை, இடம்தான் மாறியது. கணினியும் பிழை என்று சொல்லாது.

நாம் என்ன செய்யலாம்?

தாளில் கடிதமோ, தேர்வு விடையோ எழுதும்போது பத்தியின் முதல் வரியைச் சற்று உள்ளே தள்ளித் தொடங்கலாம். செல்போன் திரை குறுகலானது. அங்கே பத்திகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி விடுவது கண்ணுக்கு இதம். இரண்டில் ஒன்று போதும். பட்டியலில் ஒரு தலைப்புக்குள் அடங்கும் விஷயங்களை மட்டும் உள்ளே தள்ளினால், எது எதற்குக் கீழே வருகிறது என்பது விளக்காமலே புரியும்.

மூச்சு விடாமல் ஒரே பத்தியாக நீளும் வாட்ஸ்அப் செய்தியைப் பாதியில் விட்டவர்கள் ஏராளம். அதையே நாலு பத்தியாகப் பிரித்து அனுப்பிப் பாருங்கள். கடைசி வரிவரை படிப்பார்கள்.