செயற்கை இனிப்பூட்டிகள்: வீண் அச்சமும் விபரீத அலட்சியமும்

சாக்கரின், அஸ்பார்ட்டேம், சுக்ரலோஸ், அசிசல்ஃபேம் பொட்டாசியம் ஆகியவை இந்தியாவில் அனுமதி பெற்ற செயற்கை இனிப்பூட்டிகளில் முக்கியமானவை. சர்க்கரை நோயாளிகளின் மாத்திரை டப்பாவிலும் டயட் குளிர்பானங்களிலும் இருப்பவை இவைதான். இவற்றில் மூத்தது 1879இல் கண்டறியப்பட்ட சாக்கரின். எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததைக் காட்டி 1977இல் அமெரிக்கா அதைத் தடை செய்ய முயன்றது. எலிக்கு நேர்ந்தது மனிதருக்குப் பொருந்தாது என்று தெளிவான பிறகு, பொட்டலங்களில் இடம்பெற்றிருந்த எச்சரிக்கை வாசகத்தையே 2000இல் நீக்கியது.

2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அஸ்பார்ட்டேமைப் 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. ஆதாரம் குறைவாக உள்ள பொருள்களுக்கான பிரிவு அது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை பாதகமில்லை என்று உணவுச் சேர்க்கைகளுக்கான நிபுணர் குழு அதே நாளில் அறிவித்தது. 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட, தினம் 9 முதல் 14 டின் டயட் பானம் குடிக்க வேண்டும். முதல் செய்தி வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. இரண்டாவது பலருக்கு எட்டவே இல்லை. உடல் எடையைக் குறைக்க இவற்றை நம்ப வேண்டாம் என 2023 மே மாதம் அந்நிறுவனம் சொன்ன அறிவுரையும், ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கானது அல்ல.

உயிருக்கு உலை வைப்பது வேறொன்று. இன்சுலின் போட்டவருக்குச் சர்க்கரை அளவு திடீரென இறங்கி, வியர்த்து, கை நடுங்கும்போது, வீட்டிலிருப்பவர்கள் பதறிப்போய் 'சுகர் ஃப்ரீ' மிட்டாயையோ டயட் பானத்தையோ கொடுக்கிறார்கள். அதனால் பயன் துளியும் இல்லை. மூன்று தேக்கரண்டி சாதாரணச் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளவு பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

'சுகர் ஃப்ரீ' லட்டு, மைசூர்பாகு விஷயத்திலும் இதே ஏமாளித்தனம்தான். சர்க்கரை சேர்க்காத இனிப்பிலும் மாவும் நெய்யும் கோவாவும் இருக்கின்றன. மாவு வயிற்றுக்குள் போனதும் குளுக்கோஸாகவே மாறும். மால்டிட்டால் சேர்த்திருந்தால் அதுவும் ஓரளவு சர்க்கரையை ஏற்றும். அதிகம் தின்றால் வயிற்றுப்போக்கும் வரும்.

பொட்டலத்தின் முன்பக்க விளம்பரத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். சேர்பொருள் பட்டியலில் உள்ள எண் 950 என்றால் அசிசல்ஃபேம், 951 அஸ்பார்ட்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ். ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் கோளாறு உள்ளவர்கள் 951ஐத் தொடவே கூடாது. அந்த எச்சரிக்கை பொட்டலத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். டயட் பானங்களில் 'குழந்தைகளுக்கு உகந்ததல்ல' என்று அச்சிட்டிருந்தும், அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள்.

பெயரில்லாத குச்சி ஐஸும் சர்பத்தும் தனிக் கவலை. சர்க்கரையைவிடச் சுமார் 300 மடங்கு இனிக்கும் சாக்கரினை ஒரு சிட்டிகை போட்டால் வியாபாரிக்குச் செலவு மிச்சம். சட்டம் அதைக் குறிப்பிட்ட உணவுகளில், குறிப்பிட்ட அளவுக்குள் மட்டுமே அனுமதிக்கிறது. குடித்து முடித்த பிறகும் இனிப்பு நாக்கில் தங்கி, அடியில் கசப்புத் தட்டினால் சந்தேகப்படலாம்.

சந்தேகம் வந்தால் கடைக்காரரோடு சண்டை போடுவது வீண். தமிழ்நாட்டில் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கோ மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கோ புகார் அனுப்பலாம். கடையின் பெயர், முகவரி, வாங்கிய தேதி, ரசீது, பேட்ச் எண், 14 இலக்க உரிம எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாய்மொழிப் புகார் கோப்பில் ஏறாது. எழுதிக் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். கோடையில் நாலு கடைகளைச் சோதித்துப் படம் எடுத்துக்கொள்வதோடு கடமை முடிந்ததாக நினைக்கும் அலுவலர்களிடம், தகவல் உரிமைச் சட்டப்படி 'என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன' என்று கேட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

வாங்குபவரே பரிசோதிக்கவும் வழியுண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006இன் 40ஆம் பிரிவின்படி, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் அறிக்கை பெறலாம். ஆனால் 'இதைப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்' என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்தபின் தோன்றும் யோசனைக்கு இந்தப் பிரிவு உதவாது. உணவு சட்டத்துக்கு முரணானது என்று அறிக்கை வந்தால், கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.

உடல்நலம் கெட்டு இழப்பீடு கோருபவர்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ரசீதையும் பொட்டலத்தையும் மருத்துவச் சீட்டையும் குப்பையில் போடாமல் வைத்திருங்கள். அவை இல்லாவிட்டால் வழக்கு நிற்காது.