தகரக்கூரையில் உறைபனி ஏன் கோடுகளாய் உருகுகிறது?

நீங்கள் சித்தூர்ச் சமவெளியில் பிறந்து வளர்ந்தவராயின் உறைபனியை ஊரில் கண்டிருக்கமாட்டீர்கள். இடுக்கி மலையிலிருந்து பிழைப்புக்காக நகரத்திற்கு வந்தவர்களோ ஜனவரி மாதத்து மூணாற்றை மறந்திருக்கமாட்டார்கள். 2019 ஜனவரியில் அங்கே வெப்பநிலை பூஜ்யத்திற்கும் கீழே இறங்கியது; செண்டுவாரைப் பக்கத்துப் புல்வெளிகளும் தேயிலையும் வெள்ளை போர்த்திக்கொண்டன.

மேகமற்ற, காற்றசையாத இரவில் ஒவ்வொரு பொருளும் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வெளிவிடுகிறது. மெல்லிய தகரம், புல், கார்க் கண்ணாடி ஆகியவற்றில் சேமிப்பாக இருக்கும் வெப்பம் அற்பமே. ஆகையால் அவை சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாய்க் குளிர்ந்துபோகின்றன. ஆளுயரத்தில் தொங்கும் வெப்பமானி 2 பாகை காட்டும்போதே தரையில் புல் வெளுத்துவிடுவது இதனால்தான். நீராவி தண்ணீராகாமலே படிகமாய் அதன்மேல் படிகிறது.

இப்பொழுது லயத்தின் கூரையைப் பாருங்கள். தகரத்திற்கு அடியில் மரச்சட்டம் ஓடும் இடங்களில் பனி மெலிந்து, கோடு கிழித்தாற்போலத் தெரியும். பகலில் வாங்கிய வெப்பத்தை மரம் எளிதில் விட்டுவிடாது. வெயில் ஏறியபின் இதுவே தலைகீழாவதும் உண்டு: வெறுந்தகரம் சடுதியில் சூடேறிப் பனியை இழக்கும், சட்டத்தின் மேலுள்ள பனியோ தாமதித்து நிற்கும். காரின் முன்மூடியில் தோன்றும் விசித்திரக் கோடுகளுக்கும் உள்ளேயிருக்கும் இரும்புச் சட்டங்களே காரணம். அடுப்படிக்கு மேலுள்ள கூரை முதலில் காய்வதை விளக்கவும் வேண்டுமோ!

சுவரோரம் நிறுத்திய வண்டியில் சுவர்ப்பக்கத்துக் கண்ணாடி தெளிவாயிருக்கும். சுவர் வானத்தை மறைத்துத் தன் வெப்பத்தையும் ஈகிறது. சில்வர் ஓக் மரத்தடியில் உள்ள தேயிலைச் செடி தப்புவதும் இவ்வாறே. காலை வெயிலில் கம்பத்தின் நிழல் விழும் இடத்தில் மட்டும் பனி கம்பத்தின் உருவிலேயே எஞ்சியிருப்பது பார்க்க அழகு.

தோட்டத் தொழிலாளிக்கு அது அழகு மாத்திரமல்ல. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவிலே வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஆகவே மேட்டுச் செடிகள் பச்சையாயிருக்க, பள்ளத்துச் செடிகளே உறைந்துபோகின்றன; வெயில் பட்டதும் அவற்றின் இலைகள் கருகுகின்றன. மறுபடி துளிர்க்க வாரக்கணக்காகும். அதுவரை அந்த வரிசையில் கிள்ளக் கொழுந்து இராது. கொழுந்து எடையை நம்பியிருக்கும் குடும்பத்தின் கூலியும் குறையும்.