அருட்பணிச் செயல்திட்டம்

அருட்பணிச் செயல்திட்டம் என்பது, ஓர் உள்ளூர்த் திருச்சபை தான் எதற்காக அவ்விடத்தில் இருக்கிறது, அடுத்த சில ஆண்டுகளில் எவற்றைச் செய்யப்போகிறது என்பவற்றைத் தன் மக்களோடு கலந்து பேசி எழுதிவைக்கும் ஆவணம் ஆகும். இங்கிலாந்துத் திருச்சபையின் பங்குகளில் (தமிழ்ச் சீர்திருத்தச் சபையினர் இவற்றைச் சேகரம் என்பர்) இது பரவலாக நடைமுறையில் உள்ளது. "மிஷன் ஆக்சன் பிளான்" என்னும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து "மேப்", அதாவது நிலப்படம், என்று ஒலிப்பதால் பெயர் எளிதில் நிலைத்துவிட்டது எனலாம்.

தோற்றம்

1993 இல் இலண்டன் பேராயராக இருந்த டேவிட் ஹோப், தம் மறைமாவட்டத்தின் பங்குகள் ஒவ்வொன்றும் இத்தகைய திட்டத்தை வகுக்கும்படி கேட்டுக்கொண்டார். பின்னர் இம்முறை பிற மறைமாவட்டங்களுக்கும் பரவியது. மைக் சியூ, மார்க் அயர்லாந்து ஆகியோர் 2009 இல் இதற்கென வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டனர்.

நாட்டின் பெரும்பாலான மறைமாவட்டங்களில் திருச்சபை வாக்காளர் பட்டியல் சுருங்கிவந்த காலத்தில், இலண்டனில் அது வளர்ந்தது. இதைத் திட்டமிடலின் வெற்றியாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் அதே காலத்தில் வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய கிறித்தவர்கள் பல சபைகளை நிரப்பினர். ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் போன்ற பெரிய சபைகள், ஆளில்லாது நலிந்த ஆலயங்களுக்குத் தம் உறுப்பினர்களை அனுப்பி உயிரூட்டின. எனவே வளர்ச்சி முழுவதையும் ஓர் ஆவணத்தின் கணக்கில் எழுதுவது பொருந்தாது.

யாருடைய திட்டம்?

இங்கிலாந்துத் திருச்சபையில் குருவோ, மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் பங்கு மன்றமோ தனித்து முடிவெடுக்க இயலாது. பங்கின் முக்கிய விடயங்களில் இரு தரப்பும் கலந்தாலோசிக்க வேண்டும் என்பது 1956 ஆம் ஆண்டின் பங்கு மன்றச் சட்டம் விதிக்கும் கடமை ஆகும். குரு தம் அறையில் அமர்ந்து அழகாக எழுதி, மன்றத்தின் ஒப்புதலை மட்டும் பெற்ற திட்டம் பெரும்பாலும் கோப்பில் உறங்கிவிடும்.

குரு மாறும்போது இது வெளிப்படையாகத் தெரியும். 1986 ஆம் ஆண்டின் சட்டப்படி, குருவின் இடம் வெறுமையாகும்போது பங்கின் நிலை, தேவைகள், மரபுகள் ஆகியவற்றை விளக்கும் அறிக்கையை மன்றம் ஆயத்தம் செய்தல் வேண்டும். முன்னரே கூடிப் பேசித் திட்டம் வகுத்த பங்குக்கு இது சில மாலைகளின் வேலை. அவ்வாறு பேசியிராத பங்கு, தனக்குள் இருக்கும் பிளவுகளை அப்போதுதான் கண்டறிகிறது.

வகுக்கும் முறை

பல பங்குகள் வெளியிலிருந்து ஒருவரை உதவிக்கு அழைக்கின்றன. இவர் தீர்வு சொல்ல வருபவர் அல்லர். உள்ளூர்ப் பகைகளில் பங்கில்லாதவர் என்பதே இவருடைய முதன்மைத் தகுதி. சுவரில் நீண்ட தாள் ஒன்றை ஒட்டி, ஒவ்வொருவரும் தாம் சபைக்கு வந்த ஆண்டையும் மறக்க முடியாத நிகழ்வையும் எழுதச் செய்வது ஒரு பயனுள்ள தொடக்கம் ஆகும். எப்போதோ நின்றுபோன ஞாயிறு பள்ளி, அகற்றப்பட்ட பழைய இருக்கைகள், ஆறாத மனத்தாங்கல்கள் எல்லாம் அத்தாளில் வந்துசேரும். இவற்றைக் கேட்காமல் எதிர்காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், ஒவ்வொரு புதிய யோசனையும் பழைய காயத்தில் சென்று முட்டும். கூட்டங்களில் உரக்கப் பேசுவோரின் கருத்தே சபையின் கருத்தாகிவிடாதிருக்க, முதலில் அனைவரையும் எழுதச் சொல்லிப் பின்னர் பேசவிடுவர்.

இங்கிலாந்தில் பங்கு என்பது ஆலயத்துக்கு வருவோரை மட்டும் குறிப்பதன்று. அதன் எல்லைக்குள் வாழும் அனைவரையும் குறிக்கும். ஆகவே குடிசன மதிப்பீட்டுத் தரவுகள் பங்கு எல்லைவாரியாகப் பிரித்துத் தரப்படுகின்றன. முதியோருக்காகவே இயங்கும் ஒரு சபை, தன் எல்லையில் இளம் பெற்றோரே மிகுதி என்பதை அவ்வட்டவணையில் கண்டு திகைப்பதும் உண்டு. பள்ளி ஆசிரியர், மருத்துவர், கடைக்காரர் போன்றோரையும் நேரில் சந்தித்துக் கேட்பது நல்லது.

இதன்பின் மூன்று அல்லது நான்கு முன்னுரிமைகள் மட்டும் தெரிவு செய்யப்படுகின்றன. இலக்குகளை எழுத மேலாண்மைத் துறையின் "ஸ்மார்ட்" முறையைப் பயன்படுத்துவர். 1981 இல் ஜார்ஜ் டோரன் இதை முன்வைத்தபோது, முதல் ஆங்கில உயிரெழுத்தான "ஏ", "யாரிடம் ஒப்படைப்பது" என்பதைக் குறித்தது. பின்னாளில் அது "அடையத்தக்கது" என மாறிவிட்டது. சொல்லின் ஒரே உயிரெழுத்தும் அதுவே. திருச்சபைக்குப் பழைய பொருளே ஏற்றது: பெயர் குறிக்கப்படாத பணி, எப்போதும் உழைக்கும் அதே நான்கு பேரின் தலையில்தான் விழும். எதை நிறுத்தப்போகிறோம் என்பதையும் எழுதாத திட்டம், களைத்தவர்களை மேலும் களைப்பாக்கும்.

விமர்சனங்கள்

வணிக நிறுவன மொழி வழிபாட்டுச் சமூகத்துக்கு ஒவ்வாது என்பது முதன்மையான எதிர்ப்பு ஆகும். செருமானிய இறையியலாளர் டீட்ரிக் பொன்ஹோபர், 1939 இல் வெளிவந்த தமது "கூட்டு வாழ்வு" நூலில், கனவுச் சபையை நேசிப்பவர் கண்முன் உள்ள சபையைச் சிதைத்துவிடக்கூடும் என்ற கருத்தில் எச்சரித்தார்.

திட்டமிடலுக்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படும் நீதிமொழிகள் 29:18 பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. அங்குள்ள "ஹாசோன்" என்னும் எபிரேயச் சொல், இறைவாக்கினர் பெறும் வெளிப்பாட்டைக் குறிப்பது. 1611 ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதை "விஷன்" என்றதால், நிறுவனங்களின் தொலைநோக்கு அறிக்கைக்கும் அதுவே சான்றாக்கப்பட்டது. பழைய தமிழ் விவிலியம் அச்சொல்லைத் "தீர்க்கதரிசனம்" என்றே மொழிபெயர்த்துள்ளது.